ஒரே படிவம், ஒரே நாள்: இங்கிலாந்தில் உயர்நிலைப்பள்ளிச் சேர்க்கை ஒழுங்குபட்ட வரலாறு



நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பங்கள் சிலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இங்கிலாந்தில், குறிப்பாக இலண்டன் மாநகரின் ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு போன்ற பகுதிகளில் வாழ்ந்து வருவதை நாம் அறிவோம். ஆண்டுதோறும் மார்ச் மாதம் முதல் தேதி நெருங்குகையில், பதினொரு வயதுப் பிள்ளை உள்ள வீடுகளிலிருந்து வரும் தொலைபேசிகளில் ஒரே கேள்விதான் ஒலிக்கும்: பிள்ளைக்கு எந்தப் பள்ளி கிடைக்கும்? இங்கே இருக்கும் பாட்டிமார்களும் அந்தத் தேதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி எப்படி வந்தது, அதற்கு முன்னால் அந்நாட்டில் நிலைமை என்ன என்பதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று கருதுகிறோம்.

முதலில் இன்றைய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டை முடிக்கவிருக்கும் பிள்ளையின் பெற்றோர், தாம் குடியிருக்கும் பகுதியின் உள்ளாட்சி மன்றத்திடம் ஒரே ஒரு படிவத்தை அதற்கு முந்தைய அக்டோபர் 31ஆம் தேதிக்குள் கொடுக்கின்றனர். அதில் தாம் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்தி எழுதுகின்றனர். குறைந்தது மூன்று பள்ளிகளை எழுத இடமளிக்க வேண்டும் என்பது விதி. இலண்டனில் ஆறு வரை எழுதலாம். மார்ச் முதல் தேதியன்று, அது விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளன்று, நாடு முழுவதும் ஒரே நாளில் விடை வருகிறது. ஒரு பிள்ளைக்கு ஒரே ஓர் இடம். பார்ப்பதற்கு மிக எளிய ஏற்பாடு. ஆனால் இது நாடு தழுவிய சட்டக் கடமையாக நடைமுறைக்கு வந்தது 2005ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளி சேர்ந்த பிள்ளைகளுக்குத்தான். அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளின் கதை அத்தனை எளிதானதன்று.

இரண்டாம் உலகப் போர் இன்னும் ஓயாத 1944ஆம் ஆண்டில், ஆர்.ஏ. பட்லர் கல்வித் துறையின் பொறுப்பில் இருந்தபோது ஒரு பெரும் கல்விச் சட்டம் நிறைவேறியது. அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் உயர்நிலைக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வழி செய்த சட்டம் அது. கவுண்டி மன்றங்களும் பெருநகர மன்றங்களும் உள்ளாட்சிக் கல்வி அதிகார அமைப்புகளாயின. பிள்ளைகள் பதினொரு வயதில் 'லெவன் பிளஸ்' எனப்படும் தேர்வை எழுதினர். தேறியவர் கிராமர் பள்ளிக்கும், ஏனையோரில் மிகப் பெரும்பாலோர் மாடர்ன் பள்ளிக்கும் சென்றனர். தொழில்நுட்பப் பள்ளி என்ற மூன்றாம் வகை பெயரளவில் இருந்ததேயன்றிப் பல ஊர்களில் கட்டப்படவே இல்லை. சேர்க்கை என்பது அக்காலத்தில் அலுவலகத்தின் வேலை, பெற்றோரின் வேலையன்று. மதிப்பெண் வந்தது, ஆணை வந்தது, பிள்ளை போனது.

அச்சட்டத்தின் 76ஆம் பிரிவு, பிள்ளைகள் தம் பெற்றோரின் விருப்பத்திற்கு இணங்கக் கல்வி பெற வேண்டும் என்ற பொதுக் கொள்கையைக் கூறத்தான் செய்தது. ஆயினும் திறமையான போதனைக்கு இடையூறின்றியும் பொதுப்பணம் நியாயமற்ற முறையில் செலவாகாமலும் இயன்ற மட்டில் என்று இரண்டு பூட்டுகளை அதற்கு இட்டுவிட்டது. அந்தப் பூட்டுகளின் சாவி அலுவலகத்திடமே இருந்தது.

அதே சட்டம் தேவாலயங்கள் நடத்திய பள்ளிகளுக்கும் ஒரு வழி செய்தது. அரசு உதவி பெற்றபோதும் நிர்வாகத்தைத் தம் கையில் வைத்துக்கொண்ட பள்ளிகள், யாரைச் சேர்ப்பது என்பதைத் தாமே தீர்மானித்தன. ஆக, ஒரே ஊரில் சில பள்ளிகளுக்கு மன்றமும் சில பள்ளிகளுக்கு அவற்றின் நிர்வாகக் குழுக்களும் என இரு வாசல்கள் ஏற்பட்டன. பிற்காலக் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1965ஆம் ஆண்டில் அந்தனி கிராஸ்லண்ட் கல்வி அமைச்சராக இருந்தபோது, தேர்வின்றி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பொதுப் பள்ளிகளுக்கு மாறும்படி மன்றங்களைக் கேட்டு ஒரு சுற்றறிக்கை சென்றது. கட்டளையாக அன்று, வேண்டுகோளாகவே சென்றது. எனவேதான் சில மன்றங்கள் மாறவில்லை; இன்றளவும் 163 கிராமர் பள்ளிகள் அங்கு எஞ்சி நிற்கின்றன. மாறிய இடங்களிலோ புதியதொரு கேள்வி எழுந்தது. மதிப்பெண் போய்விட்டது, இனி எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு? சில மன்றங்கள் வரைபடத்தில் கோடு கிழித்து ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எல்லை வகுத்தன. சில, குறிப்பிட்ட தொடக்கப்பள்ளியிலிருந்து குறிப்பிட்ட உயர்நிலைப்பள்ளிக்கு என வழி அமைத்தன. உள் இலண்டனின் கல்வி அதிகார அமைப்பு பிள்ளைகளைத் திறன் அடிப்படையில் மூன்று அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பள்ளியிலும் மூவகையினரும் கலந்திருக்குமாறு பார்த்துக்கொள்ள முயன்றது.

அதே 1965ஆம் ஆண்டில் வந்த வேறொரு சுற்றறிக்கையை நாம் மறக்கலாகாது. ஒரு பள்ளியில் குடியேறியோரின் பிள்ளைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மிஞ்சினால், அவர்களைப் பிற பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பலாம் என்று அது அறிவுறுத்தியது. இலண்டனின் சவுத்தால் பகுதியிலும் பிராட்ஃபோர்டு நகரிலும் இன்னும் சில ஊர்களிலும் ஆசியப் பிள்ளைகள் காலையில் பேருந்துகளில் ஏற்றப்பட்டுத் தொலைதூரப் பள்ளிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பள்ளி முடிந்து தெருவில் சேர்ந்து விளையாட வகுப்புத் தோழர் இல்லை. பெற்றோர் பள்ளிக்குச் சென்று ஆசிரியரைக் காணவும் வழியில்லை. வெள்ளைப் பிள்ளைகள் மறுதிசையில் ஏற்றி அனுப்பப்படவில்லை. ஏறத்தாழ 1980 வரை நீடித்த இவ்வழக்கம் பெற்றோரின் எதிர்ப்பாலும் இன உறவுச் சட்டங்களின் நெருக்குதலாலும்தான் ஓய்ந்தது. மன்றத்தின் ஒரே மேசையில் எல்லா அதிகாரமும் இருந்தால் நீதி தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் இந்தப் பேருந்துகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1980ஆம் ஆண்டுச் சட்டம் காற்றின் திசையை மாற்றியது. பெற்றோர் தாம் நாடும் பள்ளியைப் பற்றி விருப்பம் தெரிவிக்கும் உரிமையும், மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லும் உரிமையும் பெற்றனர். சேர்க்கை விதிகளை அச்சிட்டு வெளியிடுவது கடமையாயிற்று. ஃபிக்ஹு நூல்களில் ஒரே ஒரு சொல்லின் எல்லையைக் குறித்துப் பக்கம் பக்கமாக விவாதம் நடப்பதைப் படித்துப் பழகிய நமக்கு, இச்சட்டத்தின் சொல்லாட்சி உடனே கண்ணில் படுகிறது. சட்டம் 'தேர்ந்தெடுக்கலாம்' என்று கூறவில்லை. 'விருப்பம் தெரிவிக்கலாம்' என்றே கூறியது. அரசியல் மேடைகளிலோ அது 'தேர்வுரிமை' என்றே முழங்கப்பட்டது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுந்து ஏமாந்த பெற்றோர் பல்லாயிரவர்.

1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் மேலும் சென்றது. கட்டடத்தில் இடமிருக்கும் வரை பள்ளி சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். ஊரின் பள்ளிகள் சமமாக நிரம்ப வேண்டும் என்பதற்காக நல்ல பள்ளியின் இடங்களை மன்றம் குறைத்து வைக்கக் கூடாது. மேலும், மன்றத்தின் பிடியிலிருந்து விலகி மத்திய அரசிடம் நேரே மானியம் பெறும் பள்ளிகளாக மாறவும் வழி திறந்தது. அவ்வாறு மாறிய ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு சேர்க்கை அலுவலகத்தையும் தனக்கென ஒரு படிவத்தையும் வைத்துக்கொண்டது.

இந்த நேரத்தில் இலண்டனில் நடந்த ஒரு வழக்கு, பின்னாளைய வரலாறு முழுவதையும் வளைத்துவிட்டது. உள் இலண்டனின் பொதுவான கல்வி அமைப்பு 1990இல் கலைக்கப்படவிருந்தது; அதன் பொறுப்புகள் ஒவ்வொரு பரோவுக்கும் பிரித்துக் கொடுக்கப்படவிருந்தன. அதுவரை கிரீனிச் பரோவுக்கும் லூயிஷம் பரோவுக்கும் இடையே கல்வியில் எல்லைக்கோடு என்ற ஒன்றே இல்லை. தெருவின் அந்தப் பக்கத்துப் பிள்ளை இந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்தது. பொறுப்பைத் தனியே ஏற்கவிருந்த கிரீனிச் மன்றம், தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளுக்கே முன்னுரிமை என்று விதி வகுத்தது. எல்லைக்கு அப்பால் லூயிஷமில் இருந்த ஜான் பால் தொடக்கப்பள்ளியின் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது: வேறொரு மன்றத்தின் எல்லைக்குள் வசிக்கிறார் என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளலாகாது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். இனி எந்த மன்றமும் தன் பிள்ளைகளை மட்டும் கணக்கிட்டுத் திட்டமிட இயலாது. இலண்டனில் 32 பரோக்களும் சிட்டியும் சேர்த்து 33 மன்றங்கள். ஒவ்வொன்றின் பள்ளி வாசலும் மற்ற 32 மன்றங்களின் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் ஒரு மன்றத்தின் பட்டியல் மற்றொன்றுக்குத் தெரியாது. கதவு பொதுவாயிற்று, கணக்கு பொதுவாகவில்லை.

1992இல் பிரபுக்கள் சபை வரை சென்ற மற்றொரு வழக்கு நம் போன்றோர் கவனத்திற்குரியது. கிழக்கு இலண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதியில் பிஷப் சேலனர் என்ற கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி இருந்தது. ஒரு முஸ்லிம் சிறுமிக்கும் ஓர் இந்துச் சிறுமிக்கும் அங்கு இடம் மறுக்கப்பட்டது. பெற்றோரின் விருப்பமே சட்டம் என்றால் எங்கள் விருப்பம் எங்கே என்று அவர்கள் தரப்பு கேட்டது. இடங்களை விட விண்ணப்பங்கள் மிகுந்திருக்கும்போது, எவருக்கு முதலிடம் என்பதைப் பள்ளி தன் விதிப்படி தீர்மானிக்கலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளித்தது செல்லும் என்பதே தீர்ப்பு. 'விருப்பம்' என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்நாட்டின் அன்றைய உயர்ந்த நீதிபீடம் இவ்வாறு வகுத்தது.

தொண்ணூறுகளின் சேர்க்கைக் காலத்தை இப்போது மனக்கண்முன் கொண்டுவர இயலும். விவரம் அறிந்த தந்தை ஒருவர் தம் மகனுக்காக மூன்று மன்றங்களுக்கும் இரண்டு தனி நிர்வாகப் பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கிறார். வெவ்வேறு படிவங்கள், வெவ்வேறு கடைசித் தேதிகள். நான்கு இடங்கள் கிடைத்துவிடுகின்றன. எதையும் உடனே விட்டுவிட அவருக்கு மனமில்லை. நான்கையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர் வைத்திருக்கும் மூன்று உபரி இடங்களுக்காக மூன்று வீடுகளில் மூன்று பிள்ளைகள் எந்தக் கடிதமும் வராமல் காத்திருக்கின்றனர். ஆங்கிலம் சரளமாக வராத தாய், இரவுப் பணி செய்யும் தந்தை, ஒரே ஒரு படிவத்தை மட்டும் நிரப்பத் தெரிந்த குடும்பம் ஆகியோரே பெரும்பாலும் அந்தக் காத்திருப்போர் வரிசையில் நின்றனர் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கோடை விடுமுறை முழுதும் இடங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுக் கீழே இறங்கும். செப்டம்பரில் பள்ளி திறந்த பின்னும் சில பிள்ளைகள் வீட்டில் இருந்தனர்.

1998ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சீர்செய்யும் முதல் முயற்சி. சேர்க்கைக்கென ஒரு விதித்தொகுப்பு வந்தது; முறைகேடான சேர்க்கை விதிகளைக் குறித்த முறையீடுகளை விசாரிக்கப் பள்ளித் தீர்ப்பாளர் என்ற பதவி உண்டாயிற்று. அடுத்து, 2002ஆம் ஆண்டின் கல்விச் சட்டம்தான் நாம் சொல்ல வந்த மையப்புள்ளி. ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் தன் பகுதியில் உள்ள எல்லாப் பள்ளிகளின் சேர்க்கையையும் ஒருங்கிணைக்கும் திட்டம் ஒன்றை வகுத்தாக வேண்டும் என்று அது பணித்தது. பள்ளிகள் தம் விதிகளைத் தாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிவமும் பதிலும் மன்றத்தின் வழியேதான். இலண்டனின் 33 மன்றங்களும் அருகிலுள்ள சில மன்றங்களும் சேர்ந்து ஒரே கணினிப் பதிவேட்டின் மூலம் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டை அமைத்தன. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவை முதன்முறையாக ஒரே நாளில் ஒரு பிள்ளைக்கு ஓர் இடம் என அறிவித்தன. முதலாண்டில் தடங்கல்கள் இருந்தன. ஆயினும் நான்கு இடங்களைக் கையில் வைத்திருந்த தந்தையின் காலம் அத்தோடு முடிந்தது.

இந்தக் கணக்கு எவ்வாறு நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது. அங்குள்ள பெற்றோரிலேயே பலர் இதைத் தவறாக விளங்கியிருக்கிறார்கள். ஒரு சிறுமியின் பெற்றோர் மூன்று பள்ளிகளை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என எழுதுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளியிலும் 150 இடங்கள். மன்றம் அவள் பெயரை மூன்று பள்ளிகளின் பட்டியலுக்கும் அனுப்புகிறது. எந்தப் பள்ளியை அவள் முதலாவதாக எழுதினாள் என்பது பள்ளிக்குச் சொல்லப்படுவதில்லை. பள்ளி தன் விதிகளின்படி, அதாவது உடன்பிறந்தோர் அங்கு படிக்கிறார்களா, வீடு எவ்வளவு தொலைவு என்பன போன்றவற்றின்படி, எல்லாரையும் வரிசைப்படுத்தித் திருப்பி அனுப்புகிறது. முதலாம் பள்ளியில் அவள் 170ஆவது, இரண்டாம் பள்ளியில் 90ஆவது, மூன்றாம் பள்ளியில் 10ஆவது. இப்போதைக்கு இரண்டு பள்ளிகளில் அவளுக்கு இடம் உண்டு. அவற்றில் அவள் பெற்றோர் மேலே எழுதியது இரண்டாம் பள்ளி. ஆகவே அது அவளுக்கு. மூன்றாம் பள்ளியில் அவள் பெயர் நீங்கி, அங்கு 151ஆவது நின்ற பிள்ளை உள்ளே வருகிறது. இதே வேளையில் முதலாம் பள்ளியில் அவளுக்கு முன்னால் நின்ற 25 பேர் தாம் மேலாக எழுதிய வேறு பள்ளிகளில் இடம் பெற்று நீங்குகின்றனர். அவள் 145ஆவதாக ஏறுகிறாள். முதலாம் பள்ளியில் இடம்! இரண்டாம் பள்ளியின் இடம் வேறொரு பிள்ளைக்கு. இப்படி ஒருவர் நகர, அடுத்தவர் ஏற, இனி எவரும் நகர இயலாத நிலை வரும்வரை கணக்கு மீண்டும் மீண்டும் சுழல்கிறது. அதன் பின்னரே கடிதம் புறப்படும்.

ஆனால் ஒருங்கிணைப்பு வந்த முதல் ஆண்டுகளில் எல்லா ஊர்களிலும் இவ்வாறு நடக்கவில்லை. பல மன்றங்களும் பள்ளிகளும் 'முதல் விருப்பத்துக்கே முதலிடம்' என்ற முறையைக் கைக்கொண்டிருந்தன. அம்முறையில், எங்களை முதலாவதாக எழுதியோரை எல்லாம் சேர்த்த பிறகே இரண்டாவதாக எழுதியோரைப் பார்ப்போம் என்று பள்ளி கூறிவிடும். கேட்பதற்கு இது நியாயம் போலவே ஒலிக்கும். மிகவும் விரும்பியவருக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? ஆனால் சற்று நின்று யோசித்தால் இதன் கொடுமை புலப்படும். ஒரு தாய் தன் மனத்தில் உள்ளபடியே சற்றுக் கடினமான பள்ளியை முதலாவதாகவும், வீட்டருகே உள்ள நல்ல பள்ளியை இரண்டாவதாகவும் எழுதுகிறாள். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதோ, அதை முதலாவதாக எழுதியவர்களாலேயே நிரம்பிவிட்டது. வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் பள்ளியில் அவள் பிள்ளைக்கு இடமில்லை. இரண்டு மைல் தொலைவிலிருந்து வருவோருக்கு இடம் உண்டு. அவள் செய்த பிழை என்ன? உண்மையை எழுதியதுதான். சூதாடத் தெரிந்தவர், முதலாவது கிடைக்காது என்று கணித்து, இரண்டாவதை முதலாவதாக எழுதித் தப்பினார். பெற்றோரைப் பொய் எழுதத் தூண்டும் படிவத்தை அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்தது என்றால் மிகையாகாது. கிராமர் பள்ளிகள் மிகுந்த ஊர்களில் இந்தச் சூதாட்டம் இன்னும் கடுமையாக இருந்தது; பிள்ளை தேர்வில் தேறுமா என்பதையும் சேர்த்துப் பந்தயம் கட்ட வேண்டியிருந்தது.

2007ஆம் ஆண்டின் சேர்க்கை விதித்தொகுப்பு இம்முறையை அடியோடு தடை செய்தது. 2008 செப்டம்பர் சேர்க்கை முதல் எங்கும் சம விருப்ப முறையே. முதலாவதாக எழுதினாலும் ஆறாவதாக எழுதினாலும் பள்ளியின் கண்ணில் எல்லா விண்ணப்பங்களும் சமம். பெற்றோரின் வரிசை எண், கிடைக்கும் இடங்களில் எது மேலானது என்று தெரிவு செய்யும் இறுதிக் கட்டத்தில் மட்டும் பயன்படும். எனவே மனத்தில் உள்ள வரிசையை உள்ளவாறே எழுதுவதால் எவருக்கும் நட்டமில்லை. பின்னர் வந்த விதிகள், கிராமர் பள்ளிகள் தம் தேர்வு முடிவை அக்டோபர் 31க்கு முன்பே பெற்றோருக்குத் தெரிவிக்க இயன்ற நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்றும் பணித்தன.

இந்தக் கணக்கு முறைக்கு ஒரு மூதாதை உண்டு. 1962ஆம் ஆண்டில் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள், கல்லூரிச் சேர்க்கையையும் திருமணப் பொருத்தத்தையும் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் இதே சுழற்சியை நிறுவிக் காட்டியிருந்தனர். இத்துறைப் பணிக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் ஏறத்தாழ இதே காலத்தில், 2005இல், பொருளியல் அறிஞர்களை அழைத்து ஆலோசித்து முதல் விருப்ப முறையைக் கைவிட்டது. இங்கிலாந்திலோ இந்த மாற்றம் சேர்க்கை அலுவலர்களின் நேரடி அனுபவத்திலும் பெற்றோரின் முறையீடுகளிலும் இருந்தே பெரும்பாலும் பிறந்தது. ஏட்டுக் கணிதத்தைப் படிக்காமலேயே நீதியை நாடியவர்கள் அதே இடத்தை வந்தடைந்தார்கள் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது.

விதித்தொகுப்புக்குப் பல் முளைத்த கதையையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். சேர்க்கைக்காகப் பெற்றோரை நேர்காணல் செய்யக் கூடாது என்று அது முன்பே கூறியிருந்தும், இலண்டன் ஆரட்டரி என்ற கத்தோலிக்கப் பள்ளி நேர்காணலைத் தொடர்ந்தது. 2004இல் நீதிமன்றத்தில் வென்றும் விட்டது. விதித்தொகுப்பைப் பள்ளிகள் 'கருத்தில் கொண்டால்' போதும் என்றுதானே அன்றைய சட்டம் கூறியது? 2006ஆம் ஆண்டுச் சட்டம் அச்சொல்லை மாற்றி, அதன்படி 'நடந்தாக வேண்டும்' என்றாக்கியது. நேர்காணலையும் நேரடியாகத் தடுத்தது. பெற்றோரின் தொழில், வருமானம், திருமண நிலை ஆகியவற்றைக் கேட்பதும், நன்கொடை அளித்தவருக்கு முன்னுரிமை தருவதும் இன்று விதிக்குப் புறம்பானவை. பெற்றோர் பராமரிப்பின்றி மன்றத்தின் காப்பில் வளரும் பிள்ளைகளுக்கே முதலிடம் என்பதும் அக்காலத்தில்தான் சட்டமாயிற்று. அநாதைகளின் உரிமையைப் பற்றி ஓயாமல் உரையாற்றும் நம் மிம்பர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

ஒருங்கிணைப்பு இடங்களைப் பங்கிடுமே தவிர, இடங்களை உண்டாக்காது. நல்ல பள்ளியின் அருகே வீடு வாங்கும் வசதி உள்ளவருக்கு இன்றும் அதுவே குறுக்குவழி. பிரைட்டன் நகர மன்றம் இதற்கு மாற்றாக 2008 சேர்க்கையில், எல்லைக்குள் உள்ள பிள்ளைகளிடையே தொலைவை அளக்காமல் குலுக்கலில் இடமளித்துப் பார்த்தது. பெரும் கூச்சல் எழுந்தது. உரிமையில் சமமானவர்களிடையே 'குர்ஆ' போடுவது நம் ஃபிக்ஹில் அறியப்பட்ட வழிமுறைதான். ஆனால் பள்ளிக்கு எதிரே வீடு வாங்கியவர் தம்மைச் சமமானவராக எண்ணுவதில்லையே! இன்றைய விதியின்படி, ஒரு மன்றம் தன் பகுதிப் பள்ளிகள் அனைத்துக்கும் குலுக்கலையே முதன்மை அளவுகோலாக வைக்கலாகாது. தனிப்பட்ட பள்ளி வைத்தால், பள்ளியோடு தொடர்பற்ற ஒருவர் மேற்பார்வையில் நடத்த வேண்டும். முகவரியைச் சோதிப்பதிலும் வரம்பு மீறல் நடந்தது. தொடக்கப்பள்ளிச் சேர்க்கை ஒன்றில் குடும்பம் உண்மையிலேயே அந்த எல்லைக்குள் வாழ்கிறதா என்று அறிய, 2008இல் பூல் நகர மன்றம் அவர்களை வாரக்கணக்கில் இரகசியமாகப் பின்தொடர்ந்து கண்காணித்தது. அது சட்டவிரோதம் என 2010இல் தீர்ப்பாயம் கூறியது.

மார்க்கப் பள்ளிகளைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவு பெறாது. 1998இல்தான் முதன்முதலாக முஸ்லிம் தொடக்கப்பள்ளிகளுக்கு அங்கு முழு அரசு நிதி கிடைத்தது. பிராட்ஃபோர்டின் ஃபெவர்ஷம் கல்லூரி 2001இல் அரசு நிதி பெற்ற முதல் முஸ்லிம் பெண்கள் உயர்நிலைப்பள்ளியாயிற்று. அன்று பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகளின் நகரம் அது. இத்தகைய பள்ளிகளும் தேவாலயப் பள்ளிகளும் இடத்தை மிஞ்சி விண்ணப்பங்கள் வரும்போது மட்டுமே மார்க்கத்தைப் பார்க்கலாம். இடம் காலியாக இருந்தால் எவர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். இந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்பதை 2009 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காட்டியது. ஜே.எஃப்.எஸ். என்ற இலண்டன் யூதப் பள்ளி, தாயின் மதமாற்றத்தைத் தன் தலைமை மதகுருவின் அலுவலகம் ஏற்கவில்லை என்பதால் ஒரு சிறுவனுக்கு இடம் மறுத்திருந்தது. தாய்வழிப் பிறப்பைப் பார்ப்பது இனத்தைப் பார்ப்பதே என ஒன்பது நீதிபதிகளில் ஐவர் தீர்ப்பளித்தனர். அதன்பின் அப்பள்ளி, வழிபாட்டுத் தலத்திற்கு வருவது போன்ற நடைமுறைகளை அளவுகோலாக்கியது.

2010க்குப் பின் உயர்நிலைப்பள்ளிகளில் பெரும்பாலானவை மன்றத்திலிருந்து விலகி 'அகாடமி' என்ற பெயரில் தன்னாட்சி பெற்றுவிட்டன. ஒவ்வொன்றும் தன் சேர்க்கை விதியைத் தானே எழுதுகிறது. இந்நிலையிலும் தொண்ணூறுகளின் குழப்பம் திரும்பி வராமல் இருக்கிறது என்றால், அகாடமிகளும் மன்றத்தின் ஒரே படிவத்திற்கும் ஒரே நாளுக்கும் கட்டுப்பட்டிருப்பதே காரணம். ஆண்டின் இடையே ஊர் மாறி வரும் பிள்ளைகளின் விண்ணப்பத்தை ஒருங்கிணைக்கும் கட்டாயம் மட்டும் 2013 முதல் நீக்கப்பட்டது. ஆகவே நடுவில் குடிபெயரும் குடும்பங்கள் பல இடங்களில் இன்றும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்க நேரிடுகிறது. அண்மை ஆண்டுகளில் நாடு முழுவதும் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தம் முதல் விருப்பப் பள்ளியையே பெறுகின்றனர். பள்ளிகள் நெருங்கியுள்ள இலண்டனில் அது ஏறக்குறைய எழுபது. கேட்ட எதுவுமே கிடைக்காதவருக்கு, இடம் காலியாக உள்ள வேறொரு பள்ளியை மன்றம் கொடுக்கிறது. மறுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் எதிராகத் தனித்தனியே மேல்முறையீடு செய்யலாம். காத்திருப்போர் பட்டியலைப் பள்ளிகள் குறைந்தது டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும்.

இலண்டன் வாழ் உறவினர்களிடம் நம்மவர் எடுத்துரைக்க ஒரு செய்தி எஞ்சியுள்ளது. மார்க்கப் பள்ளிகள் பெரும்பாலும் மன்றத்தின் படிவத்தோடு துணைப் படிவம் ஒன்றையும் கேட்கின்றன. அதைப் பள்ளிக்கே நேரில் கொடுக்க வேண்டும். தேவாலயப் பள்ளி என்றால் பாதிரியாரும், சில முஸ்லிம் பள்ளிகளுக்குப் பள்ளிவாசல் இமாமும் அதில் கையொப்பமிட வேண்டும். மன்றப் படிவத்தை மட்டும் கொடுத்துத் துணைப் படிவத்தை விட்டுவிட்டால் விண்ணப்பம் செல்லாமல் போகாது. ஆனால் பிள்ளை மார்க்க முன்னுரிமை இல்லாத கடைசிப் பிரிவில் வரிசைப்படுத்தப்படும். துணைப் படிவத்தை மட்டும் கொடுத்து மன்றப் படிவத்தில் அப்பள்ளியின் பெயரை எழுதாவிட்டாலோ, அது விண்ணப்பமாகவே கருதப்படாது.